ஜம்ஜம் கேனில் வந்த தண்ணீர்

செத்த முட்டை வெள்ளையாகிவிடும். உயிருள்ள முட்டை கண்ணாடி மாதிரி இருக்கும். சிதம்பரத்தில் நான் பார்த்த வேலை இந்த இரண்டையும் பிரிப்பது. சம்பளம் சொன்ன தேதிக்கு வராது, ஆனால் உடம்பு நோகாது. அதற்கு முன் நான் பார்த்த எந்த வேலையைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியாது.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ஸ்ரீமுஷ்ணம் பக்கம் எங்கள் நிலத்துக்கு அண்ணன்களே அதிகம் என்பதால் கிளம்பினேன். திருப்பூரில் சாயப்பட்டறை, பாலக்காட்டில் பரோட்டாக் கடை, பிச்சாவரத்தில் சுற்றுலா வருகிறவர்களுக்குப் படகு வலிப்பது, கடலூர் துறைமுகத்தில் ஐஸ் உடைப்பது என்று காலம் போனது. ஓர் இடத்தில் கடைக்காரன் கடன் கொடுக்கிற அளவுக்குப் பழகியதும் வேறு ஊருக்குப் பஸ் ஏறிவிடுவேன். நடுவில் சென்னையில் ஒரு வண்ணமீன் கடையில் தொட்டி கழுவியிருந்தேன். அந்த ஒரு தகுதியை வைத்துத்தான் சிதம்பரத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு பெண் என்னை வேலைக்கு எடுத்தார். வயதில் என்னைவிடச் சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார்.

ஆய்வகம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நீளமான ஓர் அறை. ஒரு பக்கம் மீன் தொட்டிகள், மறுபக்கம் மைக்ராஸ்கோப், சூடு ஏறாமல் இறங்காமல் வைக்கிற ஒரு பெட்டி. மின்சாரம் போனால் பெட்டிக்கு இன்வெர்ட்டர் உண்டு, எங்கள் மின்விசிறிக்குக் கிடையாது. தொட்டிகளில் இருந்தது கடைகளில் ஜீப்ரா என்று விற்கிற மீன். சுண்டுவிரல் நீளம்கூட வராது, உடம்பில் நீலக் கோடுகள். சாயங்காலம் ஆணையும் பெண்ணையும் ஒரே பெட்டியில், நடுவில் தடுப்பு வைத்து விடுவேன். காலையில் விளக்கைப் போட்டுத் தடுப்பை எடுத்தால் முட்டையிடும். அடியில் வலை இல்லாவிட்டால் போட்ட முட்டையைப் பெற்றதே தின்றுவிடும். வலைக்குக் கீழே விழுந்ததை உறிஞ்சுகுழலால் எடுத்து, நல்லதைப் பொறுக்கி, பிளாஸ்டிக் தட்டில் குழிக்கு ஒன்றாகப் போட வேண்டும். தட்டு பார்க்க இட்லித் தட்டு மாதிரி இருக்கும், குழிதான் சட்டைப் பொத்தான் அளவு.

எந்தத் தண்ணீரைச் சோதிக்க வேண்டுமோ அந்தத் தண்ணீரைக் குழியில் ஊற்றி, முட்டையை விட்டு, நான்கு நாள் பார்ப்போம். ஒரு நாள் கழிந்ததும் கண் வந்துவிடும். முட்டைக்குள்ளேயே இதயம் துடிப்பதும் ரத்தம் ஓடுவதும் மைக்ராஸ்கோப்பில் தெரியும். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சாப்பாட்டு நேரம் போனது தெரியவில்லை. அப்புறம் பழகிவிட்டது.

நான்காம் நாள் உயிரோடு இருப்பதையும் கொல்ல வேண்டும். கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் விட்டால் மயங்கிச் செத்துவிடும். அதுவும் என் வேலைதான். இரை தின்னத் தொடங்கும்வரை சட்டத்தின் கணக்கில் அது பிராணியே இல்லை, அதனால்தான் பெரிய மீனை வைத்துச் செய்யாமல் இதை வைத்துச் செய்கிறோம் என்று மேடம் சொன்னார். வெளிநாட்டில் அப்படி ஒரு விதியாம். இதைக் கேட்டு நான் சிரித்தேன். எங்கள் வீட்டில் அது தலைகீழ். சோறு கேட்காதவரைக்கும்தான் என்னைக் கணக்கில் வைத்திருந்தார்கள்.

தட்டில் எப்போதும் இரண்டு வரிசை தனியாக இருக்கும். ஒன்றில் நாங்களே தயாரித்த சுத்தமான தண்ணீர். இன்னொன்றில், கொல்லும் என்று தெரிந்தே போடுகிற ஒரு மருந்து.

"சாக வேண்டியது சாகணும், பொழைக்க வேண்டியது பொழைக்கணும். அப்பதாண்ணா நடுவுல இருக்கறத நம்பலாம்" என்பார் மேடம். சுத்தத் தண்ணீரில் இருப்பதே செத்தால் அந்தச் சோதனை செல்லாது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த அறைக்குத்தான் ஒருநாள் பாய் வந்தார்.

கடலூர் துறைமுகத்தில் ஐஸ் உடைத்த காலத்தில் நான் குடியிருந்தது பாய் வீட்டுப் பின்னறையில். குவைத்தில் வெகுகாலம் ஏசி மெக்கானிக்காக இருந்து திரும்பியவர். வாடகை தாமதமானால் கேட்க மாட்டார், மீன் குழம்பு வைத்த நாளில் கூப்பிடாமல் இருக்க மாட்டார். அவர் ஊருக்கு வந்து, இனி இங்கேதான் என்று உட்கார்ந்த கொஞ்ச நாளில் அவர் மனைவி இறந்துவிட்டார். அவர் வெளிநாட்டில் இருந்த காலமெல்லாம் இங்கே பிள்ளையை வளர்த்துக்கொண்டு தனியாக இருந்தவர் அந்த அம்மா. அவர் பேரில் பாய் ஒரு போர்வெல் போட்டார்.

பழைய டவுனுக்குத் தெற்கே, உப்பனாறு தாண்டி, தொழிற்பேட்டையை ஒட்டிய தெரு. அங்கே எல்லா மதத்துக்காரர்களும் உண்டு, தண்ணீர்தான் கிடையாது. லாரி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. பாய் தன் இடத்தில் போர் போட்டு, மோட்டார் வைத்து, தெருவைப் பார்த்த சுவரில் குழாய்கள் வைத்தார். குழாய்களுக்கு மேலே ஒரு கருங்கல் பலகை, அதில் மனைவியின் பெயர். இப்படிக் கொடுக்கிற தண்ணீருக்கு அவர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை ஒருவர் குடிக்கும்போதெல்லாம் அதன் நன்மை, யார் பேரில் கொடுத்தோமோ அவருடைய கபுருக்கு, அடக்கம் செய்த குழிக்கு, போய்ச் சேரும். தண்ணீர் ஓடுகிறவரைக்கும் போய்க்கொண்டே இருக்கும்.

அதே போரிலிருந்து தெருமுனைப் பள்ளிவாசலுக்கும் ஒரு குழாய் போனது. தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற தொட்டி அங்கே உண்டு, ஹவுள் என்பார்கள். கொசு வராமலிருக்க அதில் மீன் விட்டிருந்தார்கள். புதுத் தண்ணீர் வந்த சில வாரங்களில் மீன்கள் மிதந்தன. மறுபடி விட்டார்கள், அவையும் மிதந்தன. குளோரின் பவுடர் ஜாஸ்தி என்று சிலர் சொன்னார்கள். பாயின் தண்ணீர் என்று சிலர் சொன்னார்கள். அவர் முன்னால் யாரும் சொல்லவில்லை, ஆனால் அவர் காதுக்குப் போய்விட்டது.

சிதம்பரத்தில் மீனை வைத்துத் தண்ணீர் பார்க்கிற இடத்தில் நான் இருப்பது அவருக்குத் தெரியும். போன் செய்யாமலே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, கையில் துண்டு சுற்றிய ஒரு பொருள்.

"பஸ்ல கீழ வெக்கல தம்பி. மடியிலயே வெச்சுகினு வந்தேன்."

துண்டைப் பிரித்தார். பச்சை எழுத்து போட்ட ஒரு பிளாஸ்டிக் கேன்.

"என்னா கேன் பாய் இது?"

"ஜம்ஜம் கேனு, மக்காவுல புனிதத் தண்ணி புடிச்சித் தர்றது. ஹஜ்ஜுக்குப் போனப்ப ரெண்டு பேருமாக் கொண்டாந்தது. அவளுக்குக் கடைசி நேரத்துல வாயில ஊத்துனது இதுலேருந்துதான். வூட்ல இதவிட சுத்தமான ஏனம் எதுவும் இல்ல."

மேடம் மூடியைத் திறந்தார். ஒரு நெடி வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மேடம் என்னைப் பார்த்தார், நான் மேடத்தைப் பார்த்தேன். தொழிற்பேட்டைப் பக்கத்துத் தண்ணீர், அப்படித்தான் நாறும் என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டோம்.

"இதையா குடிக்கிறாங்க?"

"எனக்கு வாடை தெரியாது மேடம். கொரோனாவோட மூக்கு போச்சு. மருமவ வெக்கிற கறிகூட எனக்கு வெந்நி மாதிரிதான்." சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. "தெருவுல சில பேரு வாடைங்கறாங்க, சில பேரு இல்லைங்கறாங்க."

போர் போட்டபோது தண்ணீரைச் சோதித்தார்களா என்று மேடம் கேட்டார். சோதித்தார்களாம். உப்பு, இரும்பு எல்லாம் அளவோடு இருக்கிறது, குடிக்கலாம் என்றார்களாம்.

"அது எதத் தேடறோம்னு தெரிஞ்சு தேடற டெஸ்ட்டு பாய். உப்பத் தேடுனா உப்பு கெடைக்கும். பேரு தெரியாத சாமான் இருந்தா அதுல வராது. நாங்க என்னா செய்றோம்னா, உள்ள என்னா இருக்குதோ இருக்கட்டும், ஒரு உயிருக்கு அது என்னா பண்ணுதுன்னு மட்டும் பாக்கறோம்" என்றார் மேடம்.

பாய் மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஆசைப்பட்டார். முந்தின நாள் முட்டை ஒன்றை வைத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.

"துடிக்குது."

"ஆமா பாய்."

"இதையா அந்தத் தண்ணியில வுடப் போறீங்க?"

"அதுக்குத்தான் இது இருக்குது."

நிமிர்ந்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டார். அப்போது மேடம் வெளியே போயிருந்தார். என்னிடம் மட்டும் சொன்னார்: "குடிக்கறவங்களுக்கு நல்லது நடந்தா அதோட நன்மை அவளுக்குப் போவும். சரி. அந்தத் தண்ணியே கெட்டதா இருந்தா? அப்ப அவளுக்குப் போய்ச் சேர்றது என்னா தம்பி?"

டீ வாங்கி வருகிறேன் என்று போனேன். திரும்பி வருவதற்குள் அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார்.

மறுநாள் காலை தட்டை எடுத்தபோது மைக்ராஸ்கோப்பே தேவைப்படவில்லை. சுத்தத் தண்ணீர் வரிசை கண்ணாடியாக இருந்தது. பாயின் தண்ணீர் இருந்த குழிகள் எல்லாவற்றிலும் வெள்ளைப் புள்ளி. பால் தெளித்த மாதிரி இருந்தது. கொல்வதற்கென்று போட்ட மருந்து வரிசையில்கூட சிலது இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

மேடம் தட்டை வாங்கிக் குழி குழியாக எண்ணினார். "ஒரு தடவ வந்தத நம்பக் கூடாதுண்ணா. நம்ம கழுவுன கண்ணாடி பாட்டில் எடுத்துட்டுப் போயி, நீங்களே குழாய்லேருந்து புடிச்சிகினு வாங்க. அதுவரைக்கும் பாய்கிட்ட ஒண்ணும் பேச வேணாம்."

ஆனால் பாய் போன் செய்துவிட்டார். இது முடிவு இல்லை, இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று மேடம் பலவிதமாகச் சொன்னார். கடைசியில் அவர், "எத்தினி மேடம் செத்துச்சு?" என்று நேராகக் கேட்டார். மேடத்துக்குப் பொய் சொல்ல வராது.

அன்று சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் பாய் மோட்டார் பெட்டியைப் பூட்டிவிட்டார்.

நான் பாட்டில்களோடு போனபோது தெரு வேறு மாதிரி இருந்தது. சுவரோரம் காலிக் குடங்கள் வரிசையில் இருந்தன. யாரும் அவற்றை எடுத்துப் போகவில்லை, எப்படியும் திறப்பார்கள் என்று போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். டீக்கடை பெஞ்சில் இருந்த பையன்களில் ஒருவன் என் பையைப் பார்த்தான்.

"மச்சான், மீன் டாக்டரு வந்துட்டாரு டோய்."

"சார், என் வூட்டு நெத்திலிக்கு ஜொரம். கொஞ்சம் பாருங்க சார்."

குடம் வைக்க வந்த ஒரு அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். "மீனு முட்டைக்குச் சேரலன்னா அது குடிக்க வேணாம். நாங்க என்னா முட்டைக்குள்ளயா இருக்கறோம்? இத்தினி நாளா குடிச்சோம், யாரு செத்தோம் இங்க? லாரித் தண்ணியில புழு நெளியுது, அத யாரு வந்து பாத்தீங்க?"

லாரித் தண்ணீரை நானும் அந்தத் தெருவில் இருந்தபோது குடித்திருக்கிறேன். துணி கட்டி வடிகட்டித்தான் குடிப்போம்.

பாய் வீட்டுக்குப் போனேன். பெட்டிச் சாவி பீரோவில் இருந்தது. அவர் மனைவியின் பீரோ. அவர் அதைத் திறந்ததும் அந்த நெடி வந்தது. கேனைத் திறந்தபோது வந்த அதே நெடி, இப்போது இன்னும் பலமாக.

நான் கிட்டே போனேன். மடித்த புடவைகளுக்கு நடுவே வெள்ளை உருண்டைகள். மேல்தட்டில், கேன் இருந்த இடத்தில் வட்டமாகத் தூசு இல்லாமல் இருந்தது.

"கேன் இதுக்குள்ளயா பாய் இருந்துது?"

"ஆமா, அவ போனதுலேருந்து இதுலதான். ஏன்?"

சமையலறையிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தார். "மாமி பொடவைய பூச்சி அரிக்கக் கூடாதுன்னு பாச்சை உருண்டை நான்தான் போட்டேன். கேனையும் மூடி தொறந்து வெச்சேன், ஈரம் காயட்டும்னு. என்னாச்சு அண்ணே?"

ஒரு வருஷத்துக்கு மேல் பாச்சை உருண்டையோடு மூடிய பீரோவில் வாய் திறந்து கிடந்த பிளாஸ்டிக். அதில் பிடித்த தண்ணீரைத்தான் முட்டைக்கு ஊற்றியிருந்தோம். நான் போய் மோட்டாரைப் போட்டுக் குழாய்த் தண்ணீரைக் கையில் பிடித்து முகர்ந்தேன். எந்த வாடையும் இல்லை. வாயில் வைத்தால் லேசான துவர்ப்பு, அது அந்தப் பக்கத்துப் போர் எல்லாவற்றிலும் உண்டு.

பாயிடம் விளக்கினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "அப்ப என் ஏனம்தான் கெட்டது. தண்ணி இல்ல."

"அது தெரியாது பாய். அந்த டெஸ்ட்டு செல்லாது, அவ்ளோதான். இப்ப புடிக்கறத வெச்சு மறுபடி பாக்கணும்."

முதல் பாதி மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார். நான் பாட்டில்களை நிரப்பி மூடி போடுவதற்குள் எல்லாக் குழாயும் ஓடிக்கொண்டிருந்தது. அவரே ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, "பாச்சை உருண்டைம்மா! பாச்சை உருண்டை!" என்று சொல்லிக்கொண்டு போனார். மருமகளை அனுப்பி ஜிலேபி வாங்கி வரச் சொன்னார். சண்டை போட்ட அம்மாவே எனக்கு ஒன்று கொடுத்தார். "சாப்புடு மீன் டாக்டரே. பொழச்சிப் போ." மேடம் சொல்கிறவரைக்கும் மூடி வையுங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். அந்தக் கூட்டத்தில் அதை யாரிடம் சொல்வது? கை பிசுபிசுவென்று பஸ் ஏறினேன்.

மேடம் முதலில் கேனைச் சோதித்தார். எங்கள் சுத்தத் தண்ணீரை அதில் ஒரு நாள் ஊற்றி வைத்து, அதில் முட்டைகளை விட்டார். எல்லாம் வெள்ளையாயின. கேன்தான் என்பது உறுதியாகிவிட்டது. பக்கத்திலேயே இன்னொரு தட்டில் பாட்டில் தண்ணீர். மறுநாள் அதில் எல்லாமே துடித்தது. நான் போனை எடுத்தேன்.

"இருங்கண்ணா" என்றார் மேடம்.

மூன்றாம் நாள் குஞ்சுகள் முட்டையை உடைத்து வெளியே வந்தன. சுத்தத் தண்ணீரில் இருந்தவை ஊசி மாதிரி நேராகக் கிடந்தன, தட்டைத் தொட்டால் விருட்டென்று பாய்ந்தன. பாயின் தண்ணீரில் இருந்தவற்றில் பாதிக்குமேல் வால் வளைந்திருந்தது. தொட்டால் ஓடப் பார்த்து ஒரே இடத்தில் வட்டம் சுற்றின. சிலவற்றுக்கு நெஞ்சுக்குக் கீழே நீர் கோத்துப் பை மாதிரி வீங்கியிருந்தது, அதற்குள் இதயம் மெதுவாக, விட்டுவிட்டுத் துடித்தது. ஆனால் துடித்தது.

சாவு என்று எழுதுவதற்கு அந்தச் சோதனையில் நான்கு அடையாளம் உண்டு. முட்டை வெளுத்துப்போவது, உடம்பில் தசை கணுக்கணுவாகப் பிரியாதது, வால் மஞ்சள் கருவை விட்டுப் பிரியாதது, இதயம் துடிக்காதது. நான்கில் எதுவும் இங்கே இல்லை. கணக்குப்படி எல்லாம் உயிரோடு இருந்தன. மேடம் இன்னொரு முறை என்னைத் தண்ணீர் பிடிக்க அனுப்பி, மறுபடி பார்த்தார். அதே வளைந்த வால்.

அந்தத் தண்ணீரில் என்ன கலந்தது, யாரால் கலந்தது, மண்ணிலேயே இருந்ததா என்பது எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க வேறு பெரிய இயந்திரம் வேண்டும் என்றார் மேடம். அதிகாரிகளுக்கு எழுதினார். பதில் வரவில்லை.

இரண்டு பேருமாகப் பாய் வீட்டுக்குப் போனோம். வால் வளைவது, நீர் கோப்பது, மீன் வேறு மனிதர் வேறு, நான்கு நாள் வேறு நாற்பது வருஷம் வேறு என்று மேடம் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். பாய் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், எனக்கு அவ்ளோ புரியல. வாயில வெக்கலாமா, வெக்கக் கூடாதா? ஒண்ணு சொல்லுங்க."

மேடம் என்னைப் பார்த்தார். அப்புறம் அவரைப் பார்த்தார். "நானா இருந்தா குடிக்க மாட்டேன் பாய். பாத்திரம் கழுவலாம், துணி தொவைக்கலாம்."

பாய் தலையை ஆட்டினார். மருமகள் கொண்டு வந்து வைத்த டீ எங்கள் மூன்று பேர் முன்னாலும் ஆறிக்கொண்டிருந்தது. அது எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை.

அன்றே பாய் மறுபடி பூட்டினார். இந்தத் தடவை தெரு சண்டை போடவில்லை, சிரித்தது.

"மொதல்ல எல்லாம் செத்துப் போச்சுன்னீங்க. அப்பறம் பாச்சை உருண்டைன்னு ஜிலேபி குடுத்தீங்க. இப்ப உசுரோடதான் இருக்குது, வாலுதான் கோணலுங்கறீங்க. நாளைக்கி இன்னா பாய், மீனுக்குப் பல்லு எடுப்பா இருக்குதும்பீங்களா?"

"எனக்கே முதுகு கோணல்தான் பாய். குடம் தூக்கித் தூக்கி."

மறுநாள் விடிந்தபோது பூட்டு உடைந்து கிடந்தது. யார் உடைத்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. புதுப் பூட்டு போட்டார், அதுவும் உடைந்தது. லாரி வந்து பல நாள் ஆகியிருந்தது. மோட்டாரையே கழற்றிவிடலாம் என்று நான் போனில் சொன்னேன். "கழட்டிட்டா தொவைக்கறதுக்கும் இல்லாமப் போவுமே தம்பி" என்றார். அப்புறம், "ஞாயித்துக்கெழம வர முடியுமா? ஒரு வேல இருக்குது" என்றார்.

போனேன். சுத்தி, உளி, ஒரு சாக்கு எல்லாம் எடுத்து வைத்திருந்தார். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்றார். கொத்தனாரைக் கூப்பிடவில்லை, வேறு யார் கையும் அதன்மேல் படக் கூடாது என்று நினைத்திருப்பார். அவர் உளியைப் பிடித்துக்கொள்ள, நான் அடித்தேன். பலகையைச் சுற்றி இருந்த சிமெண்ட் நல்ல கலவை, லேசில் விடவில்லை. கீழே குழாய்களில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள், சிமெண்ட் தூள் குடத்தில் விழுகிறதென்று சேலை முந்தானையால் மூடிக்கொண்டார்கள்.

"ஏன் பாய் கல்ல எடுக்கறீங்க?"

"வெள்ளையடிக்கணும்மா."

"அடிச்சிட்டுத் திரும்ப வெச்சிடுங்க. மாமி பேரு இருந்தா ஒரு இதுவா இருக்கும்."

கல் ஒரு பக்கம் ஆடத் தொடங்கியதும் சுத்தியைக் கீழே வைத்துவிட்டு இருவருமாகத் தாங்கி இறக்கினோம். சாக்கை விரித்து, எழுத்து உள்பக்கம் வருகிற மாதிரி சுற்றினார். வீட்டுக்குள் தூக்கிப் போகும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே நிறுத்தி வைத்தோம்.

"அவ கேக்கல" என்றார். "போரு போடுன்னு அவ ஒருநாளும் கேக்கல. நானாத்தான் அவ பேரப் போட்டேன். இனிமே இது என் கணக்கு. வர்றது என் மேல வரட்டும்."

கல் இருந்த இடத்தில் செங்கல் தெரிந்தது. அதன்மேல் அவரே சிமெண்ட் பூசினார். காய்ந்தபின் கறுப்புப் பெயிண்டில், குடிப்பதற்கு அல்ல, கழுவுவதற்கு மட்டும் என்று கோணல்மாணலாக எழுதினார். பள்ளிவாசல் ஹவுளில் மீன் விடுவதை நிறுத்திவிட்டார்கள். மீன் இல்லாவிட்டால் மிதப்பதற்கும் ஒன்றுமில்லை.

மேடத்தின் ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகை முடிந்ததும் அந்த அறையை மூடினார்கள். கடைசி வாரம் மீன்களை வண்ணமீன் கடைக்கு விற்றோம். நான் அங்கிருந்து நாகப்பட்டினம் பக்கம் போனேன், அப்புறம் வேறு ஊர்.

போன வருஷம் கடலூர் வழியாகப் போனபோது அந்தத் தெருவில் இறங்கினேன். காலை நேரம். பாய் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்து பக்கத்தில் உட்காரச் சொன்னார். தினமும் மோட்டார் போடுகிற நேரத்துக்கு வந்துவிடுவாராம்.

ஒவ்வொரு பெண்ணாக வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் ஒரே குரலில், கோபமும் இல்லாமல் கெஞ்சலும் இல்லாமல் சொன்னார்: "தொவைக்கறதுக்கும்மா. குடிக்க வேணாம்."

"சரி பாய்" என்று சொல்லிவிட்டு அவர்கள் குடத்தைக் கழுவினார்கள். குடத்து வாயில் வெள்ளைத் துணி கட்டி வடிகட்டி, நிரப்பி, மூடி போட்டு, இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்கள். துவைக்கிற தண்ணீரை யாரும் வடிகட்டுவதில்லை. அவருக்கும் அது தெரியும். அடுத்த குடம் வந்தது.

"தொவைக்கறதுக்கும்மா. குடிக்க வேணாம்."

"சரி பாய்."